பிரித்த இடம்

அன்பு மக்களே,

நீ படம் அனுப்பி இன்றோடு 3 வாரம் ஆகிறது. படத்தோடு ஒரே வரி: “தையலைப் பிரிச்ச இடத்துல ஓட்டை தெரியுதும்மா, என்ன செய்ய?” போனில் நாலு வரிக்கு மேல் தட்ட எனக்கு வராது. கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். சித்தி மகன் 12-ஆம் தேதி அங்கே வருகிறான், நூலோடு சேர்த்து அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஓட்டையைப் பற்றிப் பயப்படாதே. கிராஸ் ஸ்டிச் போடுகிற ஐடா துணியில் ஓட்டை நெசவிலேயே இருப்பது. நீ வாங்கியிருப்பது 14 கவுண்ட், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம். மழுங்கிய முனை ஊசியால் தைத்திருந்தால் அது துணி இழையைக் குத்தாது, கட்டத்தின் மூலை வழியாக நுழைந்து வெளியே வரும். ஆகவே பிரித்தாலும் துணிக்குச் சேதமில்லை. அங்கே ஓட்டை பெரிதாகத் தெரிவது நீ நூலை இழுத்து இறுக்கியதால். இழையை ஒதுக்கி வைத்துவிட்டாய், அது ஒதுங்கிய இடத்திலேயே நிற்கிறது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நூல் துணிமேல் படுத்தால் போதும், துணியை நெரிக்கக் கூடாது என்று.

செய்ய வேண்டியது இதுதான். துணியை வளையத்திலிருந்து கழற்று. பிரித்த இடத்தை நகத்தாலோ ஸ்பூனின் பின்பக்கத்தாலோ மெதுவாகத் தேய், முதலில் மேலும் கீழுமாக, பிறகு இடமும் வலமுமாக. ஒதுங்கிய இழை பாதி அதிலேயே திரும்பிவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு அரை மணி நேரம் ஊற வை. பிழியாதே. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடு. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, தடித்த துண்டின்மேல் முகப்பைக் கீழே கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போடு. பெட்டியை ஓட்டாதே, வைத்து வைத்து எடு.

ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே ஓட்டை மட்டும் இல்லை, இளஞ்சிவப்பாக ஒரு நிழலும் இருக்கிறது. சிவப்பு நூலின் பஞ்சு ஒட்டியிருந்தால் செல்லோடேப்பை லேசாக ஒற்றி ஒற்றி எடு, தேய்த்தால் பஞ்சு உள்ளே போய்விடும். சாயமே இறங்கியிருந்தால் சாயம் வருவது நிற்கும்வரை பச்சைத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசு. சாயம் போகாமல் காயவும் விடாதே, இஸ்திரியும் போடாதே, சூட்டில் அது நிலைத்துவிடும். துணி ஏதாவது நனைந்ததா? தண்ணீர் படாமல் அந்தச் சிவப்பு இறங்காதே.

மற்ற பக்கமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மேல் தையல் ஒன்று விடாமல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் 28 வருஷம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கடைசிவரை இது வரவில்லை. எலிசா கால்டுவெல் அம்மையார் இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து கைவேலைக்குப் பேர் போன பக்கம் நம்முடையது, அந்தக் கை உன்னிடம் இருக்கிறது என்று சித்தியிடம் சொன்னேன். அவளுக்கு நீ போன மாதமே படம் அனுப்பியிருந்தாயாம். எனக்குத்தான் பிந்தி வந்திருக்கிறது. சரி.

இலையில் மட்டும் நூல் தடித்துத் தெரிகிறது. மூன்று இழை போட்டாயா? 14 கவுண்டுக்கு ஆறு இழையில் இரண்டு போதும், ஓரக்கோட்டுக்கு ஒன்று. இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்த்துக் கோத்தால்தான் முறுக்கில்லாமல் படுக்கும். ஊசி 24-ஆம் நம்பர். நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நீளமாக விட்டால் கடைசிப் பகுதி துணியில் உரசி உரசி நொந்துபோகும். முடிச்சுப் போடாதே, ஃபிரேம் போட்டால் மேலே புடைக்கும்; பின்பக்கம் நாலைந்து தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டு. ராத்திரி வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றி வை. ராத்திரி வெகுநேரம் விழித்துத் தைக்கிறாயோ? படத்தில் ஜன்னல் இருட்டாக இருந்தது.

வலப்பக்கத்துக்கு வருகிறேன். அந்த எழுத்துகளைக் கிராஃப் தாளில் எண்ணி அனுப்பியது நான். ‘சுபா’ 24 கட்டம், நடுவில் பூ, அந்தப் பக்கம் 34 கட்டம். இப்போது 24 இருக்கிறது, 34 இல்லை. எழுத்துப் பிசகிப் பிரித்தாயோ என்று முதலில் நினைத்தேன். ஒரு கட்டம் பிசகினால் யாரும் 34 கட்டத்தையும் பிரிக்க மாட்டார்கள்.

நான் எதையும் கேட்கவில்லை. அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதற்கு வழி மட்டும் எழுதுகிறேன். கீழே ஓடுகிற கொடியில் ஒரு பூ 17 கட்டம், இரண்டு பூ போட்டால் சரியாக 34. பழைய தையல் இருந்ததே தெரியாது. அப்படியே வெறுமையாக விடுவதானால் பின்பக்கம் அடர்நிற நூல் எதுவும் அதன் குறுக்கே போகக் கூடாது, வெள்ளையில் தெரியும். துணியைக் குறுக்கி வெட்டுவதானால் சுற்றிலும் 2 அங்குலமாவது விட்டுவிட்டு வெட்டு. இல்லை, அதே எழுத்தைத்தான் திரும்பப் போடப் போகிறாய் என்றாலும் முடியும், கிராஃப் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. ஆனால் பிரித்த நூலைத் திரும்பக் கோக்காதே, அதற்குப் பலம் இருக்காது. இதில் எதுவானாலும் இந்த மாதமே செய்ய வேண்டும் என்று இல்லை. துணியை மடிக்காமல் சுருட்டி வை, எத்தனை நாளானாலும் இருக்கும்.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று எழுதி, பிறகு வேண்டாம் என்று விட்டேன்.

பிரிக்கும்போது கத்தரியைத் தையலுக்கு அடியில் விடுவதற்கு முன் துணியைத் திருப்பிப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள். முகப்பில் தையலின் நடுவில் வெட்டி, துண்டுகளைச் சிறு இடுக்கியால் எடு. அவசரத்தில் வெட்டினால் துணி இழையும் சேர்ந்து போகும். அந்த மயில் அப்படித்தான் போனது. மூன்றாவது தடவையாக அதைப் பிரிக்கச் சொன்னது நான், பின்பக்கம் நூல் தாறுமாறாக இருக்கிறது என்று. உன் கையிலிருந்து பிடுங்கி வெட்டியதும் நான். துணி கிழிந்ததும் அப்பாவிடம் “உன் மகள் கிழித்துவிட்டாள்” என்றேன். நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. உனக்கு அப்போது 13 வயது. அதற்குப் பிறகு நீ தைத்த எதையும் என்னிடம் காட்டியதே இல்லை, நானும் உனக்கு ஆர்வம் போய்விட்டது என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கத்தரி என் கையில்தான் இருந்தது, மக்களே. அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பொட்டலத்தில் ஆங்கர் நூலில் 46-ஆம் நம்பர் சிவப்பு நாலு கண்டு, 403-ஆம் நம்பர் கறுப்பு இரண்டு, 24-ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட். சிவப்பு நாலையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினேன், சாயம் ஒத்துப்போகும். இருந்தாலும் புதியதைப் பழையதன் பக்கத்தில் வைப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார். மிளகாய்த்தூள் பொட்டலத்தை நூலோடு வைக்க வேண்டாம் என்று சித்தி மகனிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் ஒரு தடவை சொல்லிவிடு.

காலை 5 மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிறேன். அங்கே எத்தனை மணியானாலும் கூப்பிடு.

அம்மா