பாப்பாவுக்கு, புக்கிட் ஜாலில் தோல்விக்குப் பிறகு

செந்தூல், கோலாலம்பூர்
23 டிசம்பர் 2014

அன்புள்ள பாப்பா,

சனிக்கிழமை ராத்திரி, தென்கிழக்காசிய நாடுகளின் கால்பந்துக் கோப்பையை (சுசூகி கோப்பை) இறுதியாட்டத்தில் நாம் தாய்லாந்திடம் இழந்த பிறகு, நீ போனை வைத்த விதம் எனக்கும் அம்மாவுக்கும் மனசுக்குச் சரியாகவே இல்லை. "இனிமே மலேசியா ஆட்டமே பார்க்க மாட்டேன்ப்பா" என்று சொன்னாய், வைத்துவிட்டாய். அதற்கப்புறம் அம்மா வாட்ஸ்அப்பில் பசியாறினாயா, வேலைக்குப் போனாயா என்று எது கேட்டாலும் "ம்" என்றுதான் பதில் வருகிறது. உன்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிற தாய்லாந்துப் பெண்ணிடம்கூட நீ பேசுவதில்லை என்று தம்பி சொல்கிறான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அழுததற்கு வெட்கப்படாதே. மெல்பர்னில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், பக்கத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லாமல், விட்டு விட்டு வருகிற படத்தைப் பார்த்துக்கொண்டு நீ தனியாக உட்கார்ந்திருந்தாய் என்பதை நினைத்தால்தான் எனக்கு வேதனையாக இருக்கிறது. இங்கே நாங்கள் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வாயடைத்து நின்றோம். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தோம். உனக்கு அதுவும் கிடைக்கவில்லை. "வெறும் பந்து விளையாட்டுதானே" என்று உன் வேலையிடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன்.

நடந்ததை நேரில் பார்த்தவனாக உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. செந்தூல் திமூரில் எல்.ஆர்.டி. ஏறும்போதே பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை. இரண்டு ஆட்டம் கொண்ட இறுதியில் முதல் ஆட்டத்தைப் பாங்காக்கில் 2-0 என்று தோற்றுவிட்டு வந்திருக்கிறோம், இருந்தும் ஒரு முகத்திலும் பயம் இல்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பெனால்டி, சாஃபிக் ரஹிம் போட்டார். இடைவேளைக்குச் சற்று முன்பு இந்திரா புத்ரா. 58-வது நிமிடத்தில் மறுபடி சாஃபிக், ஃப்ரீ கிக்கிலிருந்து. அந்தப் பந்து வலைக்குள் போனபோது என் முன்னால் நின்ற மலாய்க்காரப் பெரியவர் திரும்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், தம்பி நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறான், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 82-வது நிமிடத்தில் தாய்லாந்தின் சாரில் சப்பூயிஸ் அடித்தார். 87-ல் அவர்கள் சனாத்திப். முடிந்தது. அந்த ஆட்டத்தை 3-2 என்று ஜெயித்தும், இரண்டையும் சேர்த்து 4-3 என்று கோப்பை அவர்களுக்குப் போனது.

இப்போது எல்லாரும் "3-0 என்று முன்னால் இருந்து கோட்டை விட்டுவிட்டார்கள்" என்கிறார்கள், நீயும் அதையேதான் சொன்னாய். பலகையில் 3-0 என்று இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார், நாம் ஒரே ஒரு கோல்தான் முன்னால் இருந்தோம், 3-2. அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்க வேண்டும், எதிரில் இருப்பதோ இந்தப் போட்டியிலேயே பந்தை மிக அழகாகக் கைமாற்றி ஆடிய குழு. பாங்காக்கில் வாங்கிய இரண்டு கோலின் கடனை அடைக்கவே நம் பையன்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மூன்றாவது கோலுக்குப் பிறகு கால்கள் கனத்துவிட்டது மேலே உட்கார்ந்திருந்த எங்களுக்கே தெரிந்தது. முன்னால் ஏறிப் போய் அழுத்திக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்லப் பின்னால் வந்தார்கள், நடுவில் இடம் திறந்தது, தாய்லாந்துக்காரர்கள் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பின்வாங்கி நில் என்று யாரும் சொல்லித்தான் அப்படி நடக்கும் என்றில்லை. காப்பாற்ற வேண்டியது கையில் இருக்கும்போது உடம்பு தானாகவே பின்னால் போகும். முன்னிலையில் இருக்கிற குழுக்கள் உலகம் முழுக்க இப்படித்தான் விழுகின்றன. 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இடைவேளைக்கு 3-0 என்று போன ஏசி மிலான் லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றது, மால்டினி மாதிரி ஒரு தடுப்பாட்டக்காரரை வைத்துக்கொண்டு. அன்றைக்கு நீ ராத்திரி முழுக்கத் தூங்காமல் லிவர்பூல் பக்கம் நின்று குதித்தாய், அது ஞாபகம் இருக்கும்தானே?

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் பாப்பா. 58-லிருந்து 82 வரை, 24 நிமிடம், கோப்பை நம்முடையது. அந்த 24 நிமிடத்தில் புக்கிட் ஜாலில் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு எழுத்து வராது. நம் ரசிகர் படை அல்ட்ராஸ் மலாயா பையன்கள் இருந்த பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிற பாட்டு ஸ்டேடியத்தைச் சுற்றி வந்து எங்களையும் எழுப்பிவிட்டுப் போகும். தமிழன், சீனன், மலாய்க்காரன், சபா சரவாக்கிலிருந்து வந்தவன் எல்லாருக்கும் ஒரே வார்த்தை, ஒரே மூச்சு. இந்த நாட்டில் அதை நாம் தினம் தினம் பார்ப்பதில்லை, உனக்குத் தெரியும். இனி பார்க்க மாட்டேன் என்று நீ சொல்லும்போது கடைசி எட்டு நிமிடத்தை மட்டும் தூக்கி எறிவதாக நினைக்கிறாய். அந்த 24-ம் சேர்ந்துதான் போகும். எனக்கு அது வேண்டும், உனக்கும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் நீ ஃபேஸ்புக்கில் எழுதியது. நம் ஆட்டக்காரர் ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறாய், அதுக்குக் கீழே உன் கூட்டாளிகள் அவர் குடும்பம் வரைக்கும் போய்விட்டார்கள். அதை எடுத்துவிடு. இதை அப்பா கேட்டுக்கொள்கிறேன் என்று இல்லை, சொல்கிறேன். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஷா ஆலமில் வியட்நாமிடம் 2-1 என்று தோற்றபோது எல்லாரும் இவர்களைக் கைகழுவிவிட்டார்கள். அன்றைக்கு நம் ரசிகர்கள் சிலர் வியட்நாம் ரசிகர்களை அடித்ததை நினைத்தால் இன்னமும் தலை குனிகிறது. ஆட்டக்காரர்கள் நாலு நாளில் ஹனோய்க்குப் போய், அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் 4-2 என்று ஜெயித்துக் காட்டினார்கள். இறுதியாட்டம் நமக்குக் கிடைத்ததே அவர்களால்தான். இந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் யார்? நம் சாஃபிக், 6 கோல். அந்த விருது வீட்டில் இருக்கும், கோப்பை இருக்காது. அவர் எப்படித் தூங்குவார் என்று யோசித்துப் பார்.

உனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இந்த வருஷம் அப்படி. மார்ச்சில் எம்.எச். 370 விமானம் காணாமல் போனது, இன்னும் எங்கே என்று தெரியவில்லை. ஜூலையில் எம்.எச். 17 விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். நீ வெளிநாட்டில் இருப்பதால், மலேசியா என்று சொன்னாலே ஆட்கள் விமானத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தாய். இப்போது கிழக்குக் கரையில் வெள்ளம் வேறு. வருஷம் முடிவதற்குள் நல்ல சேதி ஒன்றாவது வரட்டும் என்று ஊரே காத்திருந்தது. 2010-ல் ராஜகோபால் பயிற்சியாளராக இருந்து இதே கோப்பையை இந்தோனேசியாவை ஜெயித்துக் கொண்டு வந்தபோது டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறை என்று அறிவித்தார்களே, நாம் எல்லாரும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோமே, அது மாதிரி இன்னொன்று வரும் என்று நீ அங்கே மனசுக்குள் ஒரு கூடாரம் போட்டு வைத்திருந்தாய். அது சரிந்ததும் உனக்கு எல்லாமே சரிந்த மாதிரி இருக்கிறது.

எனக்கு 1980 ஞாபகம் வந்தது. மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். நான் அப்போது இளவட்டம், அங்கே நின்றுகொண்டிருந்தேன். கோல் காவலர் ஆறுமுகம். அவர் கை நீளத்துக்கு ஸ்பைடர்மேன் என்றுதான் ஊரே கூப்பிடும். அவருக்கு முன்னே தடுப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். ஜேம்ஸ் வோங் அடித்த கோலுக்கு நாங்கள் போட்ட சத்தம் பெட்டாலிங் ஸ்ட்ரீட் வரை கேட்டிருக்கும். அப்புறம் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதற்காக அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, குழு போகவே இல்லை. தோற்றிருந்தாலாவது ஆடினோம் என்று இருந்திருக்கும். ஆறுமுகம் 1988-ல் கார் விபத்தில் போய்விட்டார், ஒலிம்பிக் மைதானத்தில் அந்த மனிதர் நிற்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை, போக வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை. அதுக்காக ஸ்டேடியத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தால் 2010-ல் உன்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு இந்தோனேசியாவை ஜெயித்த அந்த 3-0-வைப் பார்த்திருக்க மாட்டேன்.

உன் தாய்லாந்துத் தோழி விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் தாய்லாந்து கடைசியாக இந்தக் கோப்பையைத் தூக்கியது 2002-ல். அதற்குப் பிறகு மூன்று இறுதியாட்டம் தோற்றிருக்கிறார்கள், 2007, 2008, 2012. அதில் 2008-ஐக் கேள். முதல் ஆட்டம் பாங்காக்கில் 2-1 என்று வியட்நாமிடம் தோற்றார்கள். ஹனோய் ஆட்டத்தில் முதலில் கோல் போட்டு, கூட்டுக் கணக்கைச் சமமாக்கி, கூடுதல் நேரத்துக்குப் போகப்போகிறது என்று இருக்கும்போது, முடிகிற தறுவாயில் லே கோங் வின் தலையால் முட்டிப் போட்டுவிட்டார். நமக்குச் சனிக்கிழமை வந்த அதே அடி. அந்தப் பெண்ணும் அன்றைக்கு எங்கேயாவது டிவி முன்னால் உட்கார்ந்து அழுதிருப்பாள். அவர்கள் பயிற்சியாளர் கியாதிசாக் ஆட்டக்காரராக இருந்து ஜெயித்த கோப்பையைப் பயிற்சியாளராகவும் ஜெயித்திருக்கிறார், இதற்கு முன் யாரும் செய்ததில்லை. சனாத்திப் இருக்கிறாரே, அந்தச் சின்ன உருவம், அவர் பந்தை வைத்துக்கொண்டு திரும்புகிற அழகைப் பார்க்க நானே காசு கொடுப்பேன். இன்று ராத்திரி அவள் வேலை முடிந்து வந்ததும் வாழ்த்துச் சொல்லு. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஜெயித்த சந்தோஷத்தை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிறாளாம், தம்பிதான் சொன்னான். பாவம்.

அந்தக் கடைசி எட்டு நிமிட வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதே, ஒவ்வொரு முறையும் பந்து அங்கேதான் போகும். பார்க்க வேண்டுமென்றால் சாஃபிக்கின் ஃப்ரீ கிக்கைப் பார். பேச வேண்டும் போல இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், நானும் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும், தம்பி கேட்டுக் கேட்டு ஓடுகிறான். நம் தேசியக் குழு ஹரிமாவ் மலாயா அடுத்து இங்கே ஆடும்போது மூன்று டிக்கெட் வாங்குவதா நான்கா என்று எனக்குத் தெரிய வேண்டும். அம்மா இந்த முறை தானும் வருகிறேன் என்கிறாள்.

தைப்பூசம் பிப்ரவரி 3. லீவு கேட்டுவிட்டாயா, டிக்கெட் போட்டுவிட்டாயா? இன்னும் இல்லையென்றால் இந்த வாரமே போடு, விலை ஏறிவிடும். மஞ்சள் சட்டையை அங்கே குப்பையில் போட்டுவிடாமல் பெட்டியில் வைத்துக் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா