பச்சையா சிவப்பா என்று பார்க்காமல் ஆயில் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சு காரான சிட்ரோயன் டிஎஸ்ஸின் படத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்ததில் சந்தோஷம். ஆனால் அந்த வண்டியின் சஸ்பென்ஷனில் ஆயில் குறைந்தால் 'ஏதாவது நல்ல பிரேக் ஆயில் ஊற்றினால் போதும்' என்று ஒரு வரி இருந்தது, அதை அப்படியே விட முடியவில்லை. பாரிஸ் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இந்த வண்டிகளோடுதான் என் பிழைப்பு.

1955இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த இந்தக் காருக்கு சாதாரண ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு உருண்டை, அதற்குள் ஒரு ரப்பர் திரை, திரைக்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். வண்டியைத் தூக்கி நிறுத்தும் அதே ஆயில்தான் பிரேக்கையும் பார்த்துக்கொள்கிறது, பல வண்டிகளில் ஸ்டியரிங்கையும் கியரையும்கூட. அதனால் தப்பான ஆயிலை ஊற்றினால் குலுங்குவதோடு போகாது, பிரேக்கிலேயே கை வைத்த மாதிரி.

முதலில் சிவப்பு ஆயில்தான் இருந்தது. பிரேக் ஆயில் வகையைச் சேர்ந்தது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளேயே துருவை உண்டாக்கும். இந்தத் தொல்லையைத் தீர்க்க 1966 செப்டம்பரிலிருந்து பச்சை நிற எல்எச்எம் வந்தது, இது மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் மட்டும் 1969 வரை சிவப்பே தொடர்ந்தது. நிறம் மட்டும் மாறியிருந்தால் பிரச்சினையே இல்லை, உள்ளே இருக்கும் சீல்களின் ரப்பரும் மாறிவிட்டது. சிவப்பு வண்டியின் ரப்பர் மினரல் ஆயிலில் ஊறி உப்பிப் போகும், பச்சை வண்டியின் ரப்பரைப் பிரேக் ஆயில் கெடுக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் அப்பா விட்டுப்போன 1970 மாடல் வண்டியைக் கொண்டுவந்தார். வேறு எங்கோ சஸ்பென்ஷன் ஆயில் டேங்கில் பிரேக் ஆயிலை ஊற்றி ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். பம்பு, பிரேக் வால்வு, சிலிண்டர் எல்லாவற்றையும் பிரித்து சீல் மாற்றி முடிக்க எங்களுக்கு மாதக்கணக்கானது. அவர் ஒவ்வொரு வாரமும் வந்து பிரித்துப் போட்டிருந்த வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டுப் போவார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வண்டி எந்த வருடம் என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், சிவப்பு வண்டியை எல்லா சீலும் மாற்றிப் பச்சைக்குக் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர். டேங்கையும் உருண்டைகளையும் பாருங்கள், எல்எச்எம் வண்டியில் இவற்றுக்குப் பச்சை பெயின்ட் இருக்கும். ஆனால் பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆகவே உள்ளே இருக்கும் ஆயிலையும் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் தீரும்வரை ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் முழுவதையும் இறக்கிவிடுங்கள், பம்பு சுற்றாதவரை தப்பிக்க வழி உண்டு. அப்புறம், புதிய சிட்ரோயன்களுக்கு வந்த ஆரஞ்சு நிற எல்டிஎஸ் ஆயிலும் இந்த வண்டிகளுக்கு ஆகாது, 'லேட்டஸ்ட்' என்று கடைக்காரர் சொன்னாலும் சரி.

அளவு பார்ப்பதிலும் ஒரு விஷயம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டியை மேல் நிலைக்கு உயர்த்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும், படுத்திருக்கும் வண்டியில் ஆயில் டேங்குக்குத் திரும்பி வந்து கணக்கு தப்பும். வண்டி கட்டை மாதிரி குதித்தால் பெரும்பாலும் உருண்டையில் நைட்ரஜன் குறைந்திருக்கும், அதற்கு ஆயில் மாற்றி ஒரு பயனும் இல்லை.

அந்த ஒரு வரிக்கு அடுத்த ஞாயிறே திருத்தம் போடுங்கள், தயவுசெய்து சின்ன எழுத்தில் ஓரத்தில் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு மெக்கானிக்