ஏசாவின் பக்கம்

திருகோணமலை,
ஞாயிறு இரவு.

அன்பின் நண்பா,

உனக்குப் பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் சுகம், என் முழங்காலைத் தவிர. நீ கேட்டிருந்தாய், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மான்கள் இன்னும் மேய்கின்றன.

கடவுள் ஏன் சிலரை மட்டும் தெரிந்துகொள்கிறார் என்று கேட்டு என் வாயைக் கிளறிவிட்டாய். எங்கள் வேதப்பாட வகுப்பிலும் இப்போது பவுல் அப்போஸ்தலர் எழுதிய ரோமர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம்தான். இரட்டைப் பிள்ளைகள் பிறக்குமுன்னே, நன்மை தீமை எதுவும் செய்யுமுன்னே, கடவுள் தெரிந்துகொண்ட யாக்கோபுக்கு ஒரு வழி, தள்ளிவிட்ட ஏசாவுக்கு வேறு வழி என்று வருகிற இடம். நடத்தியவர் களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா என்கிற வசனத்தை வாசித்து, “கேள்வி கேட்க நாம் யார்?” என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கு எதிரே இருந்தவர் 2004 சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். வேதாகமம் மடியில் திறந்தபடியே கிடந்தது. டிசெம்பர் வந்தால், “கர்த்தர் எங்களைத் தெரிந்தெடுத்துக் காப்பாற்றினார்” என்று சிலர் சாட்சி சொல்வதையும் அந்த மனிதர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அப்படியானால் அந்தப் பிள்ளையை?

நான் மெதடிஸ்தன், எங்கள் சபைக்கு வழிகாட்டிய வெஸ்லியின் பக்கம்தான் சாய்வேன். யாருக்கு இரட்சிப்பு என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தலை எதிர்த்து 1739இல் அவர் செய்த பிரசங்கத்தால், அதை நம்பிய நண்பர், பிரசங்கியார் வைற்பீல்டோடு மனஸ்தாபம் வந்தது. 1770இல் வைற்பீல்ட் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவரும் அதே வெஸ்லிதான். (நம் இருவரில் யார் யாருக்குச் செய்வது என்று இப்போதே பேசி வைப்போம்.) முன்குறித்தலைப் போதித்த கல்வினைக் கல்நெஞ்சன் என்று ஏசவும் எனக்கு மனமில்லை, அந்தத் தீர்மானம் பயங்கரமானதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

அயல்வீட்டுத் தமிழ் ஆசிரியரிடமும் இதைப் பேசினேன். “அவன் அருளாலே அவன் தாள் வணங்கி என்று நாங்களும் ஓதுகிறோமே” என்று சிரித்தார். ஆனால் உயிரைப் பிணித்த அழுக்காகிய மலம் பரிபாகப்பட்ட, பக்குவமான உயிரில்தான் அருள் பதியும் என்று அவர்களுடைய சைவ சித்தாந்தம் ஒரு நியாயம் சொல்கிறது. பொறாமையாக இருந்தது. பவுல் நமக்கு அந்தப் பிடியைக்கூட விட்டுவைக்கவில்லை. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஏது பக்குவம்?

ஒன்று மட்டும் செய். குயவனை விட்டுவிட்டு அதிகாரத்தின் தொடக்கத்தை வாசி. தன் இனத்தாருக்காகத் தானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டுப் போனாலும் சரி என்று வயிறெரிந்து சொல்கிறார் பவுல். புறம்பே நிற்கிறவர்களுக்காகத் தன்னையே பணயம் வைத்த பிறகுதான் அவர் மற்றதைப் பேசுகிறார். அந்தத் துக்கம் இல்லாதவன் வாயில் இதே உபதேசம் வெறும் வீம்பு. உங்களை மாத்திரம் அறிந்தேன், ஆகவே உங்களைத் தண்டிப்பேன் என்று தாம் தெரிந்துகொண்ட இஸ்ரவேலரிடமே கடவுள் சொல்கிறார், ஆமோஸ் 3:2இல். தெரிந்துகொள்ளப்பட்டோம் என்று மார்தட்டுகிற யாரும் இந்த வசனத்தைச் சுவரில் மாட்டி நான் பார்த்ததில்லை.

இதனால் அந்தத் தகப்பனுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்காதே. அவருக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல் பேசுகிறவர்கள் பக்கம் போய் உட்காரவும் முடியவில்லை.

எல்லோர்மேலும் இரக்கமாயிருக்கும்படி என்று வருகிற 11ஆம் அதிகாரத்தை அடுத்த முறை நான்தான் நடத்த வேண்டும். அவரும் வருவதாகச் சொன்னார். உன் வாதங்களை வெள்ளிக்கு முன் எழுதி அனுப்பு. உன் பெயரைச் சொல்லாமல் பயன்படுத்திக்கொள்கிறேன். பேத்தியின் படமும் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்