ஹெரால்டுக்கு பிளக் தேடித் தந்தவர்களுக்கு

அப்பாவை எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலேயே திருவொற்றியூர் கூட்டிப்போய், வடிவுடையம்மனைச் சேவிக்க வைத்து, அதே வண்டியில் ராயபுரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை, இருமக்கூட இல்லை. சதாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. நான் எந்த நிலைமையில் இருந்தேன் என்பது போனில் என் புலம்பலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கல்மண்டபம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் விரிசல் விட்டுப்போய், பொருத்தமான புதுசு கிடைக்காமல், வண்டி நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேல் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு. பழைய பிளக், புதுசாக வாங்கிக் கரி பிடித்துப்போன பிளக், எல்லாவற்றையும் திண்ணையில் பேப்பர் விரித்துப் பரப்பி வைத்திருந்தேன். கூடையை இறக்கிய கையோடு ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இன்னா சார், எங்க தம்பி மோட்டாருக்கும் இதே மாரிதான் போடுவான். காசிமேட்டுல ஒரு அண்ணன் கீறாரு, வா காட்டுறேன்" என்றார். கார் உதிரிபாகக் கடைகளையே சுற்றிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் கடல் பக்கம் திரும்பத் தோன்றவில்லை.

அந்த அண்ணன் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். படகுக்குப் போடும் அவுட்போர்டு மோட்டார் பார்க்கிறவர். இப்போது அந்தப் பக்கம் டீசல் எஞ்சின்தான் அதிகம், பெட்ரோல் மோட்டார் குறைச்சல். ஆனாலும் அவர் கடையில் கழற்றிப்போட்ட மோட்டார்களுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. நான் போனதும் வழக்கம்போல நம்பரை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அப்பாவின் பழைய பிளக்கில் மைக்கோ டபிள்யூ 145 டி 1 என்ற எழுத்து அழியாமல் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கடை கடையாக ஏறியிருந்தோம். மைக்கோ 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. அதற்கு வெகு முன்பே அந்த நம்பர் முறை போய்விட்டது. சூட்டை வேகமாகக் கடத்திவிடுகிற பிளக் கோல்டு, தன்னிடமே தங்க வைத்துக்கொள்வது ஹாட். பழைய முறையில் நம்பர் கூடக்கூட பிளக் கோல்டு. பாஷின் புது முறையில் நம்பர் கூடக்கூட ஹாட். என்ஜிகே கம்பெனி பிளக் என்றால் மறுபடியும் தலைகீழ், நம்பர் கூடக்கூட கோல்டு. கவுன்டரில் நிற்கும் பையனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அண்ணன் நம்பரைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பழைய பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மேலே பீங்கான் விரிசல் விட்டிருந்தது. கீழே எஞ்சினுக்குள் இருக்கும் பீங்கான் மூக்கு மட்டும் நல்ல பிஸ்கட் கலர். "இதான் உன் வண்டிக்கு ஒத்துகினு இருந்திருக்குது" என்று அதைத் தனியே வைத்தார். பிறகு கரி பிடித்ததை எடுத்து நகத்தால் சுரண்டினார். பொடி பொடியாக உதிர்ந்தது. "ஆயில் ஏறல. வெறும் கரி. இது டூ ஸ்ட்ரோக் பைக்கு பிளக்கு. திரெட்டு ஏறும், சூடு நிக்காது." அவர் ஒரே வரியில் முடித்துவிட்டதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மூக்கு 450 டிகிரியாவது சூடானால்தான் பிளக் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். கோல்டு பிளக்கைச் சாதுவான 948 சிசி எஞ்சினில் மாட்டினால் அந்தச் சூடு வரவே வராது. நாலு தெரு ஓடும், அப்புறம் நின்றுவிடும். நின்றதைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களே!

ஸ்கேலை எடுத்துத் திரெட்டை அளந்தார். 14 மில்லிமீட்டர் குறுக்களவு, நீளம் அரை அங்குலம், அதாவது 12.7. தன் பெட்டியில் கைவிட்டு முதலில் 7-ம் நம்பர் என்ஜிகே ஒன்றை எடுத்து, தலையாட்டிவிட்டுத் திரும்பப் போட்டார். அடியிலிருந்து பி 6 எச்எஸ் இரண்டு வந்தது. ஏதோ ஒரு சின்ன மோட்டாருக்காக வாங்கி வைத்ததாம். எங்களுக்கு நாலு வேண்டுமே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தம்பிக்குப் போன் போட்டிருந்தார். அவர் துறைமுகத்திலிருந்து பைக்கில் வந்து, ரப்பர் பேண்ட் சுற்றிய பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினார். உள்ளே அதே 6, இரண்டு. படகில் ஸ்பேராக வைத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். என் வண்டி நின்றால் தள்ள ஒரு தெருவே இருக்கிறது. நடுக்கடலில் மோட்டார் நின்றால் யார் தள்ளுவது? அதற்காக வைத்திருந்ததை அவர் எடுத்துக் கொடுக்கிறார். நான் தயங்கினேன். "காத்து அடிக்குது சார், நாளைக்கு நாங்க போவல. எட்த்துனு போ, அப்பால வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போயேவிட்டார்.

அன்று ராத்திரி அண்ணன் வீட்டுக்கே வந்தார். ஹெரால்டுக்கு முன்பக்க பானெட் முழுசும் மூக்கோடு தூக்கிக்கொள்ளும். அவர் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "ஸோக்காகீதே, படகுக்கும் இப்டி வச்சிருந்தா இடுப்பு தப்பிச்சிருக்கும்" என்றார். பிளக்கில் பொறி தாவும் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் இருக்கிறதா என்று நான் தேடப் போனேன். அவர் சட்டைப்பையிலிருந்து உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்தார். பிளேடின் கனம் ஏறக்குறைய 25 தௌ, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 25 பங்கு. ஹெரால்டுக்கு வேண்டிய இடைவெளியும் அதே 25 தௌதான். பிளேடு லேசாக உரசிக்கொண்டு போகும்வரை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் சரி செய்தார். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால், பிளக்கின் வெள்ளைத் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ஓஸைச் செருகி, அதைப் பிடித்தே திருகினார். திரெட் கோணலாகப் பிடித்தால் ஓஸ் வழுக்கிவிடும், ஹெட்டுக்குச் சேதம் வராது. கடைசி அரைச் சுற்று மட்டும் ஸ்பேனரில். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணன் தன் இரண்டு பிளக்கின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி என்று எடுத்தால் கோபித்துக்கொள்கிறார்.

மற்றவர்களை மொத்தமாகச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். திரெட் நீளமான ஒரு பிளக்கை நான் மாட்டப் போனபோது பதறிக் கையைப் பிடித்த, பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமா. அது 19 மில்லிமீட்டர், உள்ளே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றிருக்கும், பிஸ்டனே இடித்திருக்கலாம். 'திரெட் ஏறுதுல்ல, போட்டுக்கலாம்' என்று அதை விற்றவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. பீட்டில் கார் வைத்திருக்கும் பெரம்பூர் நண்பர், பழைய 145 டி 1 என்பது பாஷின் இன்றைய டபிள்யூ 8 ஏசி என்று கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த செட் அதுதான், ஆர்டர் போட்டாயிற்று. துபாயிலிருந்து இரிடியம் பிளக் அனுப்புகிறேன் என்ற மச்சானுக்கும் நன்றி. பாயின்ட், கண்டன்சர் வைத்துப் பழைய பாணியில் பொறி மூட்டும் வண்டிக்குச் சாதா பிளக்கே தாராளம் மாப்ளே, காசை மிச்சம் பிடி. பெட்ரோல் பங்க் பையன்கள், டீ வாங்கிக் கொடுத்தவர்கள், தள்ளியவர்கள் எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு.

இதே மெட்ராஸில் செய்த வண்டி இது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிந்துகொள்ள 2021-ல் விதி வந்தது, விஏ என்று தனி நம்பர் பிளேட்டும் வந்தது. அதற்கு என்ன பிளக் போடுவது என்று மட்டும் காசிமேட்டில் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமையே.

தம்பிக்கு இரண்டுக்குப் பதில் நாலு புது பிளக் வாங்கி வைத்திருக்கிறேன். காற்று நிற்பதற்குள் கையில் சேர்த்துவிடுவேன். இனிமேல் என் வண்டி டிக்கியில் இரண்டு செட் இருக்கும், ஒன்று எனக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. அரை அங்குலத் திரெட் உள்ள பழைய வண்டி யாரிடம் இருந்தாலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது பழைய பிளக்கைத் துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.