கோரிக்கை மனு: எயார் ரைபிள் மண்டபத்தில் எயார் பிஸ்டலுக்கும் ஒரு லேன் தாருங்கள்

பயிற்சி மண்டபத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கட்கு,
மட்டக்களப்பு.

விடயம்: கிழமையில் இரண்டு பின்னேரங்கள், கடைசி லேனை (சுடுகிற தடத்தை) எயார் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) பயிற்சிக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டல் (நாலாவது மனு)

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதே விடயமாகச் சித்திரை வருசம் முடிந்த கையோடு ஒரு மனு தந்தேன். ஆடியில் இன்னொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தீபாவளிக்கு முந்திய கிழமை மூன்றாவதை நானே கொண்டுவந்து கொடுத்தேன். "பைலில் போட்டிருக்கு அம்மா, ஐயா பார்ப்பார்" என்றார்கள். தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், அதை நான் அறிவேன். ஆகவே குறை சொல்லும் நோக்கம் எதுவுமில்லாமல், தயவாகக் கேட்டு மறுபடியும் எழுதுகிறேன்.

1. நான் வலையிறவுப் பாலத்துக்கு அங்கால, வவுணதீவுப் பக்கம் இருக்கிறவள். வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். என் மகன் மூன்று வருசமாக மண்டபத்தில் எயார் ரைபிள் பழகுகிறான். அவனைக் கூட்டிவந்துவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் சும்மா இராமல் இலக்கு அட்டைகளை எண்ணிக் கொடுக்கத் தொடங்கினேன். இப்போது எல்லாப் பிள்ளைகளின் புள்ளிக் கொப்பியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. மண்டபத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாரிக்கு ஒழுகின கூரைக்குத் தகரம் மாற்றித் தந்ததே தாங்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை.

2. மகனுக்கு மூத்தவள் மகள். வயது 17. எட்டு வயதில், வட்டையில் சூடடிக்கிற மிசினின் பட்டியில் அகப்பட்டு, இடது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் போய்விட்டது. தம்பியோடு மண்டபத்துக்கு வந்து மூலைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் தானும் சுடப்போகிறேன் என்றாள். ரைபிள் நாலைந்து கிலோ. ஒரு கை அதைத் தாங்க வேண்டும், மற்றக் கை விசையை அழுத்த வேண்டும். பயிற்றுநர் ஒரு ஸ்ரூலின் மேல் மணல் மூட்டையை வைத்து, ரைபிளை அதில் சாய்த்துக் கொடுத்தார். அப்படிச் சுட்டும் நல்ல புள்ளி எடுத்தாள். ஆனால் மற்றப் பிள்ளைகளோடு சரிக்குச் சரி நின்று சுடுகிற போட்டியில் மணல் மூட்டைக்கு இடமில்லை.

பிஸ்டல் அப்படியல்ல. 10 மீற்றர் எயார் பிஸ்டலை ஒரே கையால் பிடித்துத்தான் சுட வேண்டும் என்பது விதி. மற்றக் கை துணைக்கு வரவே கூடாது. கொழும்பில் அனுமதியுள்ள ஓர் இடத்தில் அவள் முதல் தடவை சுட்டபோது நான் பின்னால் இருந்து பார்த்தேன். வரிசையில் நின்ற எல்லாரும் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். என் மகள் வெறும் சட்டைக்கையின் நுனியைப் பைக்குள் செருகிக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்து பார்க்க, யாருக்குக் கை இல்லை என்று தெரியவில்லை ஐயா. ஒன்பது வருசத்தில் அதுதான் முதல் தடவை.

3. இதற்கென்று மண்டபத்தில் ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்கத் தேவையில்லை. தூரம் அதே 10 மீற்றர். குண்டு அதே 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு. அட்டையின் நடு நிற்க வேண்டிய உயரம் ரைபிளுக்கும் பிஸ்டலுக்கும் ஒரே 1.4 மீற்றர். குண்டு பிடிக்கிற இரும்புப் பெட்டியும் அதுவேதான். அட்டை மட்டும் பெரிது, 17 சென்ரிமீற்றர் சதுரம். ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் பொட்டு, பிஸ்டலுக்கு 11.5 மில்லிமீற்றர் வட்டம். இதைக் காட்டி, பிஸ்டல் என்றால் லேசு என்று எங்கள் ரைபிள் பெற்றோரில் சிலர் சொல்கிறார்கள். ரைபிளுக்குத் தோள் இருக்கிறது, கன்னம் இருக்கிறது, இடுப்பில் முட்டுக்கொடுத்த முழங்கை இருக்கிறது. பிஸ்டலுக்கு நீட்டின கை ஒன்றுதான். அறுபது குண்டு சுட்டு முடிக்கும்வரைக்கும் அந்த ஒரு கையைத்தான் திரும்பத் திரும்ப நீட்ட வேண்டும். லேசா இல்லையா என்று ஒருநாள் ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். என் மகள் வீட்டில் அப்படித்தான் பழகுகிறாள். சுவரில் கரியால் ஒரு பொட்டு, கையில் போத்தல்.

4. "இது ரைபிள் மண்டபம், கைத்துப்பாக்கிக்கு இங்கே இடமில்லை" என்று வாயால் மட்டும் ஒரு பதில் எங்களுக்குக் கிடைத்தது. எழுத்தில் கிடைக்கவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிற பயத்தை நான் அறியாதவள் அல்ல.

ஐயா, பிஸ்டல் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற தலைமுறை நாங்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து ஒழுங்கை முனையில் நின்றால் வீட்டு விளக்கை அணைத்தவர்கள். என் பெரியப்பாவின் மகன் அப்படித்தான் போனார், கடைக்குப் பாண் வாங்கப் போன இடத்தில். மகள் முதன்முதலில் பிஸ்டல் என்று சொன்னபோது, இந்த வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று கத்தினவள் நான்தான். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. ஆகவே எதிர்க்கிற பெற்றோரை நான் பிழை சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டிலும் படம் மாட்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரைபிளால் இந்த மாவட்டத்தில் யாரும் சாகவில்லையா? அந்தக் காலத்தில் தோளில் தொங்கினது எல்லாம் என்ன? அப்படியிருந்தும் எயார் ரைபிளை எங்கள் பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். ஏன்? அது விளையாட்டு, அங்கே ஒழுங்கு இருக்கிறது, பயிற்றுநர் சொல்லாமல் ஒரு குண்டும் போகாது என்று கண்ணால் கண்டபடியால். அந்த நம்பிக்கையில் கொஞ்சத்தை எயார் பிஸ்டலுக்கும் தரக்கூடாதா?

பாதுகாப்பு என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ரைபிள் நீளம், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தூரத்திலேயே தெரியும். பிஸ்டல் குட்டை, மணிக்கட்டைத் திருப்பினால் வாய் திரும்பிவிடும். அதனால்தான் கடைசி லேனைக் கேட்கிறோம். அதற்கு ஒரு பக்கம் சுவர். மற்றப் பக்கத்து லேனை அந்த நேரத்தில் வெறுமையாக விடலாம். மேசையை விட்டு பிஸ்டல் பின்னால் வரக்கூடாது. சுடாத நேரம் குழலுக்குள் செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புக் கயிறு நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பயிற்றுநர். முடிந்ததும் இரும்புப் பெட்டி, பூட்டு, பதிவேடு, இரண்டு பேரின் கையெழுத்து. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்பதும் தெரியும். எந்தச் சட்டத்தையும் தளர்த்தச் சொல்லவில்லை. என்னென்ன பத்திரம் வேண்டுமோ அத்தனையும் எடுத்த பிறகுதான் பிஸ்டல் மண்டபத்துக்குள் வரும் என்று பயிற்றுநர் எழுதித் தந்திருக்கிறார். மூன்றாவது மனுவோடு அதையும் இணைத்திருந்தேன்.

5. இனி எங்களை வாட்டுகிற விசயத்தைச் சொல்கிறேன். இதை மட்டுமாவது முழுக்க வாசியுங்கள்.

இங்கே இடமில்லாதபடியால் மாதத்தில் ஒரு தடவை கொழும்புக்குப் போகிறோம். 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளிக்கிழமை இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஓட்டோ பிடித்துப் பாலத்தைக் கடந்து, இரவு பஸ் ஏறுவோம். வாழைச்சேனையில் சனம் ஏறும். முன்கூட்டி இருக்கை பிடிக்கக் காசு இல்லாத மாதங்களில் பொலன்னறுவை வரைக்கும் நின்றுகொண்டுதான் போவோம். என் மகள் நிற்கும்போது மேல் கம்பியைப் பிடிக்க அவளுக்கு ஒரு கைதான் இருக்கிறது ஐயா. மற்றவர்கள் கை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். அவளுக்கு மாற்றக் கையில்லை. மன்னம்பிட்டியில் யானை ரோட்டுக்கு வந்து நின்று சாரதி திடீரென்று பிரேக் போட்ட இரவில், முழு உடம்புப் பாரத்தையும் அந்த ஒரு கை இழுத்துப் பிடித்தது. அவளுடைய விரல்களைக் கம்பியிலிருந்து நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உள்ளங்கை சிவந்து, கம்பியின் கோடு பதிந்துபோயிருந்தது.

விடிய முன்னம் புறக்கோட்டையில் இறங்குவோம். பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவுவோம். சுடுகிற இடத்தின் கேற் திறக்கக் காலை எட்டு மணியாகும். அதுவரை ஒரு சீமெந்துப் படியில் இருப்போம். நான் அவளுடைய கையைத் தைலம் போட்டு நீவிக்கொண்டே இருப்பேன். பிறகு அதே கையை நீட்டி, முன் குறியில் கண்ணை வைத்து, கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிய, மூச்சை அடக்கிச் சுட வேண்டும். குறைந்தது 500 கிராம் அழுத்தம் கேட்கிற விசையை, நித்திரை இல்லாத விரல் எப்படி ஒரே சீராக அழுத்தும்? அவளுடைய கொப்பி என்னிடம் இருக்கிறது. முதல் பத்துக் குண்டும் எப்போதும் சிதறித்தான் இருக்கும். முப்பதுக்குப் பிறகு கை தன் நிலைக்கு வந்து, எட்டும் ஒன்பதுமாக விழத் தொடங்கும். அந்த நேரத்தில் எங்களுக்குத் தந்த நேரம் முடிந்துவிடும். அடுத்த பிள்ளை வந்து நிற்கும். திரும்ப பஸ். ஞாயிறு விடிய வீடு. நான் மா குழைக்கப் போய்விடுவேன், அவள் புத்தகத்தின் மேல் தலையை வைத்து நித்திரையாகிவிடுவாள். அடுத்த வருசம் அவளுக்குப் பரீட்சை.

ஒரு கிழமை இடியப்பக் காசு ஒரு பயணத்தோடு போகிறது. காசு போகட்டும் ஐயா, உழைக்கலாம். அந்தக் கையை நான் எங்கே போய் வாங்குவேன்? அவள் அந்தக் கையால்தான் எழுதுகிறாள், சாப்பிடுகிறாள், தலை வாருகிறாள், சுடுகிறாள். அதைக் கொண்டுபோய் மாதாமாதம் ஒரு பஸ் கம்பியில் தொங்கவிடுகிறோம். எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. அதில் கடைசி லேன் செவ்வாயும் வியாழனும் வெறுமையாகக் கிடக்கிறது. புள்ளிக் கொப்பி எழுதுகிறவள் நான், எந்த நாளில் எந்த லேனில் யார் சுட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வெறுமையாகத்தான் கிடக்கிறது. பிறகும் ஏன்?

6. ரைபிளையும் பிஸ்டலையும் பிரித்து, ஒன்று நல்லது மற்றது கெட்டது என்று உலகத்தில் விளையாட்டு நடத்துகிறவர்கள் சொல்லவில்லை. 1907 இல் தொடங்கிய உலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் இரண்டையும் ஒன்றாகத்தான் நடத்துகிறது. 1896 இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே இரண்டும் இருந்தன. நம் நாட்டின் தெஹானி எகொடவெல ரைபிளோடு தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார். அதைக் கேட்டுத்தான் மண்டபத்தில் பாதிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் எயார் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் எடுத்தார். அதே வருசம் பரிஸ் பராலிம்பிக்கில் இந்தியாவின் ரூபினா பிரான்சிஸ் எயார் பிஸ்டலில் வெண்கலம் எடுத்தார். இதெல்லாம் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய மேசைக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருக்கிறாள். கரோலி தாகாச், ஹங்கேரிக்காரர், இராணுவத்தில் இருந்தவர். 1938 இல் கையெறிகுண்டு வெடித்து வலது கை சிதைந்தது. யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகி, 1948 இல் லண்டனிலும் 1952 இல் ஹெல்சிங்கியிலும் பிஸ்டலில் தங்கம் எடுத்தார். அவர் பழக ஒரு இடம் இருந்தது. என் மகளுக்குச் சுவரில் கரிப்பொட்டுத்தான் இருக்கிறது.

7. மண்டபத்தின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. ரைபிள் பிள்ளைகளின் ஒரு நிமிசத்தையும் எடுக்கவில்லை. என் மகனும் அங்கே ரைபிள்தான் சுடுகிறான், அவனுடைய நேரத்தை நான் குறைப்பேனா? பயப்படுகிற பெற்றோர் வந்து பார்க்கட்டும். முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தமாக வையுங்கள். ஒரு பிழை நடந்தால் அன்றைக்கே மூடிவிடுங்கள், நானே திறப்பைக் கொண்டுவந்து தருகிறேன்.

8. ஒரு லேன். இரண்டு பின்னேரம்.

9. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதித் தாருங்கள். பைலில் இருக்கு, பைலில் இருக்கு என்று எத்தனை மாதம் ஐயா? மறுப்பு எழுத்தில் கிடைத்தால் அதைக் கொண்டுபோய் மேலே கேட்க ஒரு வழியாவது எங்களுக்கு இருக்கும். ஒன்றும் சொல்லாமல் விடுவதால், இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று ஒவ்வொரு தபால்காரர் மணிக்கும் அந்தப் பிள்ளை கேற்றடிக்கு ஓடுகிறாள். கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களில் மரியாதை இல்லாமல் எழுதவில்லை, வேறு யாரிடம் போவது என்று தெரியாமல் எழுதுகிறேன். தயவுசெய்து அந்தக் கடைசி லேனைத் தாருங்கள்.

எங்கள் அடுத்த பயணம் வருகிற வெள்ளி இரவு. அதற்கு முன்னம் ஒருநாள், செவ்வாயோ வியாழனோ, பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்துக்கு வந்து பாருங்கள். மகள் தண்ணிப் போத்தலோடு அந்தக் கடைசி லேனில் நின்று காட்டுவாள். பதில் எழுத முத்திரை ஒட்டிய உறை ஒன்றும், சம்மதம் தெரிவித்த பெற்றோரின் கையெழுத்துத் தாளும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மண்டபத்தில் புள்ளிக் கொப்பி எழுதுகிற தாய்,
வவுணதீவு.