கண்ணுக்குத் திரும்பிய நீலம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டிலும் வெளியிலும் இத்தனை துயரம் இருக்கும்போது, ஒரு பூவையோ ஓவியத்தையோ கண்டு மகிழ்வது மறைந்தவர்களுக்கும் வருந்துகிறவர்களுக்கும் செய்யும் துரோகம் ஆகாதா என்று கேட்டிருந்தாய். ஆகாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

முதலில் என் செய்தி. சென்ற மாதம் வலக்கண்ணில் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது, நலமாக இருக்கிறேன். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் பாரித்து நீல ஒளியைத் தடுத்துவிடும் என்றும், அது மிக மெல்ல நிகழ்வதால் இழப்பதை நாம் உணர்வதே இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். இப்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும், பின்பு மாற்றிப் பார்ப்பதுமாகவே என் பொழுது கழிகிறது. இடக்கண்ணுக்குப் பழைய தாள்போல் தெரியும் சுவர் வலக்கண்ணுக்கு வெண்மையாக நிற்கிறது. வானத்தின் நீலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது. இது நாள்தோறும் தலைக்கு மேலே இருந்ததுதானே என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அந்த மகிழ்ச்சியில்தான் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன். அவருக்கும் கண்புரை இருந்தது. நிறங்கள் குழம்பியதால் சாயக்குழாய்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்தே வண்ணம் எடுக்க வேண்டிய நிலை. 1923-இல், தம் 82-ஆம் வயதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஆயினும் என்னை நிறுத்தியது வேறொன்று. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, இத்தனை பேர் துன்புற்று மடிகையில் தாம் வடிவத்தையும் நிறத்தையும் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருப்பது வெட்கமாக இருக்கிறது என்று அவரே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். உன் கேள்விதான் அது! அந்த வெட்கத்தோடேயே, மனைவியையும் மூத்த மகனையும் இழந்த துயரத்தோடேயே, தம் தோட்டத்துக் குளத்தின் அல்லிகளைப் பெரும் திரைகளில் தீட்டிவந்தார். 1918 நவம்பர் 11-இல் போர் ஓய்ந்தது. மறுநாளே தம் ஓவியங்களில் இரண்டை நாட்டுக்கு வழங்குவதாக எழுதினார். பின்னர் அந்தக் கொடை பெருகி, அவர் மறைந்த மறு ஆண்டு, 1927-இல், பாரிஸில் நீள்வட்ட வடிவான இரண்டு கூடங்களை நிறைத்தது. துயரத்தை மறந்தவர் செய்யக்கூடிய வேலையாக எனக்கு இது தோன்றவில்லை.

நம் சங்கப் புலவர் ஒருவரும் நினைவுக்கு வருகிறார். தலைவன் பிரிந்ததால் தான் படும் வேதனையை ஒரு தலைவி சொல்ல வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தது, மக்கள் விட்டுப் போன வீட்டின் முற்றத்தில் விளையாடும் அணில். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அணிலாடு முன்றிலார் என்றே அவரை அறிகிறோம். அந்த வெறுமையை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? தன் தனிமையிலும் அந்த அணிலைப் பார்க்கத் தவறாத ஒருவர் அதைச் சொல்லிவைத்ததால்தான், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து உன் வீட்டு அமைதியைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மறைந்த உன் மனைவி, எனக்குத் தங்கையாக இருந்தவர், இரவுகளில் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள் இப்போது முழுமையாக உன் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஆற்றைத் திருடிய நரியின் கதையை முதலில் எழுதி அனுப்பு. அவர் எங்கே குரலைத் தாழ்த்துவார், பிள்ளைகள் எங்கே இடைமறிப்பார்கள் என்பதையும் விடாமல் எழுது. அடுத்த மாதம் இடக்கண்ணுக்குச் சிகிச்சை. அதன் பின் சில நாள் படிக்க விடமாட்டார்கள், அதற்குள் வந்து சேர்ந்தால் நல்லது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்