பேரன் வருவதற்குள் வாங்க வேண்டிய கேமரா

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு மெல்பர்னிலிருந்து மகளும் மருமகனும் பேரனை அழைத்துக்கொண்டு வருகிறார்கள், ஆறு வாரம் உன் வீட்டிலேயே தங்குகிறார்கள் என்ற செய்தியை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது கைத்தடியின் துணையுடன் ஈரச்சந்தை வரை தானே நடந்து போய் வருகிறாள். உன் பேரனுக்கு முறுக்குச் சுட்டுத் தருவது தன் பொறுப்பு என்று எழுதச் சொன்னாள்.

சட்டைப் பையிலோ சிறிய தோள்பையிலோ வைத்துக்கொள்ளும்படியான ஒரு சிறிய கேமரா, அன்றாடப் படங்களுக்கும் காணொளிக்கும் ஏற்றதாக எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைக்காரர் 30 மடங்கு ஜூம் உள்ள ஒன்றைக் காட்டினார் என்றும், அது மனத்துக்குப் பிடித்துப் போயிற்று என்றும் எழுதியிருந்தாய். அதை வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அம்மா எங்களுடன் இருந்த கடைசித் தீபாவளியன்று, இரவு எட்டு மணியளவில் அவர் என் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டுப் பாடினார். நான் கூடத்தின் மறுகோடியில் அமர்ந்திருந்தேன். எழுந்து அருகில் போனால் பாட்டு நின்றுவிடுமோ என்ற தயக்கத்தில், இருந்த இடத்திலிருந்தே கைப்பேசியின் திரையை விரல்களால் விரித்து, உருவத்தைப் பெரிதாக்கிப் பதிவு செய்தேன். அந்தப் பதிவில் அம்மாவின் முகம் ஈரத்துணியால் துடைத்த ஓவியம்போல் கலங்கியிருக்கிறது; அவருடைய குரலுக்கு மேலே மின்விசிறியின் இரைச்சல் கேட்கிறது. அவர் பாடிய வேறு பதிவு எதுவும் எங்களிடம் இல்லை. அன்றிலிருந்து கேமராவைப் பற்றி யார் கேட்டாலும், நீ எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில், யாரைப் படமெடுக்கப் போகிறாய் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

உன்னைப் பொறுத்தவரை அதற்கான பதில் தெரிந்ததே. நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டிப் பொழுது சாய்ந்துவிடுகிறது. மருமகன் வெளியே போய்த் திரும்பி, எல்லோரும் குளித்து, உணவு மேசையைச் சுற்றி ஒன்றாக உட்காரும்போது கூடத்து விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அந்த நேரத்தில்தான் பேரன் ஓடுவான், சிரிப்பான், பாட்டியின் தோளில் தூங்கிப்போவான். பகல் வெயிலில் இன்றைய கைப்பேசி எடுக்கும் படமே போதுமானது. அதற்காகத் தனிக் கருவிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்குப் பிறகு வீட்டுக்குள் எடுக்கும் படத்துக்காகத்தான் நீ கேமரா வாங்குகிறாய் என்று வைத்துக்கொண்டால், மற்ற முடிவுகள் தாமாகவே எளிதாகிவிடும்.

இருட்டில் நல்ல படம் வேண்டுமென்றால் இரண்டைப் பார்க்க வேண்டும்: ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பு, ஒளியை உள்ளே விடும் லென்ஸ் துளையின் அளவு. 30 மடங்கு ஜூமை இவ்வளவு சிறிய உடலுக்குள் அடக்க வேண்டுமானால் சென்சாரைச் சிறிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பானசோனிக் டிஇசட்99 போன்ற கருவிகளில் அது ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் மட்டுமே உடையது. 'ஒரு அங்குலம்' என்று அழைக்கப்படும் சென்சார் 13.2 மி.மீ. அகலமும் 8.8 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பில் நான்கு மடங்கு. (அதை அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் வராது, பழைய காணொளிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. கடையில் அளவைக் கேட்டால் மில்லிமீட்டரில் கேள்.) லென்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் கூடுகிறது. டிஇசட்99 விரிகோணத்தில், அதாவது ஜூமை நீட்டாதபோது, எஃப்/3.3 துளை உடையது. நான் உனக்குச் சொல்லப்போகும் இரண்டு கருவிகள் எஃப்/1.8. இந்த எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். துளையால் மூன்று மடங்குக்கு மேல், பரப்பால் நான்கு மடங்கு என்று பெருக்கினால், அதே கூடத்தில், அதே விளக்கின் கீழ், பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான ஒளி படத்துக்குக் கிடைக்கிறது. ஓடும் குழந்தையின் கை கலங்காமல் பதிய ஷட்டர் ஏறக்குறைய 1/250 நொடியில் மூட வேண்டும்; அந்த வேகத்துக்கு இந்த ஒளி தேவை.

மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இந்த வகைக் கேமராக்களில் எல்லாமே 20 மெகாபிக்சலையொட்டித்தான் இருக்கின்றன. சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கும் அது தாராளம்.

ஒரு அங்குலச் சென்சார் உள்ளவற்றில் மூன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை 2012இல் தொடங்கியது. அதன் ஏழாம் தலைமுறை 2019இல் வந்தது. 24 முதல் 200 மி.மீ. வரை நீளும் லென்ஸும் (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்), கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்க மேலெழும்பும் கண்நோக்கியும் அதில் உண்டு. நண்பகல் வெயிலில் திரை தெரியாதபோது அந்தக் கண்நோக்கி பெரிய உதவி. ஆனால் அதன் லென்ஸ் எஃப்/2.8இல் தொடங்கி, முழுதாக நீட்டும்போது எஃப்/4.5 ஆகிவிடுகிறது. பயணத்துக்கு அதைவிடச் சிறந்த சிறிய கருவியை நான் பார்த்ததில்லை; உன் கூடத்துக்கு அது இரண்டாம் தேர்வுதான். அதே 2019இல் வந்த கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3, 24 முதல் 100 மி.மீ. வரையிலான லென்ஸுடன் எஃப்/1.8இல் தொடங்குகிறது, தோலின் நிறம் அதில் மிக இயல்பாக வருகிறது. எனக்கு அதில் ஒரே மனக்குறை, காணொளியில் முகம் நகரும்போது ஃபோகஸ் சில வேளை முன்னும் பின்னும் தேடி அலைவது. 2020இல் வந்த சோனி இசட்வி-1, 24 முதல் 70 மி.மீ. வரை மட்டுமே நீளும். கண்நோக்கியும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. ஆனால் குழந்தையின் கண்ணைப் பிடித்த ஃபோகஸை அது எளிதில் விடுவதில்லை. எடை 294 கிராம். திரை பக்கவாட்டில் திறப்பதால் தரையில் தவழும் குழந்தையின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, நீ முதுகை வளைக்காமல் எடுக்கலாம்.

உனக்கு நான் இசட்வி-1ஐத்தான் சொல்வேன். ஜூரோங் லேக் கார்டன்ஸில் காலை நடையின்போது கொக்குகளையும் மீன்கொத்திகளையும் எடுக்க ஆசை என்று எழுதியிருந்தாய். அந்த ஆசையை இந்தக் கருவி நிறைவேற்றாது. சட்டைப் பையில் அடங்கும் எந்தக் கருவியும் நீ நினைக்கும் விதத்தில் நிறைவேற்றாது. பறவைகளுக்கென்று பின்னொரு நாள் பெரிய கேமராவைப் பற்றிப் பேசுவோம். இந்த ஆறு வாரமும் பேரனுக்கே இருக்கட்டும்.

இனிக் காணொளி. வாங்கியதும் அமைப்புப் பட்டியலில், காணொளி நொடிக்கு எத்தனை சட்டங்களாக (ஃபிரேம்களாக) பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில், 'பால்' (PAL) என்ற முறையைத் தேர்ந்தெடு. 'என்டிஎஸ்சி' (NTSC) என்று இருந்தால் மாற்றிவிடு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, நொடிக்கு 30 சட்டங்கள் வீதம் 1/60 ஷட்டரில் எடுத்தால் திரையில் கருப்புப் பட்டைகளாக ஓடும். நொடிக்கு 25 சட்டங்களும் 1/50 ஷட்டரும் வைத்தால் பட்டைகள் மறையும். ஆனால் அதே 1/50ஐ நண்பகலில் வைத்தால், துளையை எஃப்/11 வரை சுருக்கினாலும் படம் வெளுத்துப்போகும். அதற்காகவே இந்தக் கேமராவுக்குள் ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி வடிகட்டி ஒன்று இருக்கிறது. வெளியே போகும்போது அதை இயக்கிவிடு. 4கே என்ற மிகத் துல்லியமான காணொளித் தரத்தில் உயர்ந்த பதிவுவீதம் நொடிக்கு 100 மெகாபிட்; ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும். ஆகவே 128 ஜிபி நினைவு அட்டை ஒன்று வாங்கு. அதன் மேல், எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 (V30) என்ற குறி இருக்கிறதா என்று பார். நீண்ட நேரம் தொடர்ந்து எடுத்தால் இவ்வளவு சிறிய உடல் சூடேறும், மின்கலமும் விரைவில் தீரும். இரண்டு மின்கலங்கள் கூடுதலாக வைத்துக்கொள்.

ஒலிதான் எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். கேமராக்கள் பொதுவாக ஒலியளவைத் தாமே ஏற்றி இறக்கும்; அறை அமைதியாக இருந்தால் உணர்திறனைக் கூட்டும், அப்போது மின்விசிறியும் குளிரூட்டியும் பெரிதாகக் கேட்கும். அம்மாவின் பதிவில் நடந்தது அதுதான். பேசுபவரிடமிருந்து மைக் இருக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் அவர் குரலின் வலிமை நான்கு மடங்காகிறது, விசிறியின் இரைச்சல் அநேகமாக அப்படியே நிற்கிறது. ஆகவே ஜூமை நீட்டாமல் நீயே நெருங்கிப் போ. இசட்வி-1இல் மூன்று ஒலிவாங்கிகள் மேற்புறம் பதிக்கப்பட்டுள்ளன. காற்றைத் தடுக்கும் மென்மயிர் உறையும் பெட்டியிலேயே வருகிறது. வெளி மைக்குக்கான துளையும் உண்டு. உன் மனைவி பேரனுக்குக் கதை சொல்லும்போது அவருடைய சேலைத் தலைப்பில் ஒரு சிறிய மைக்கைச் செருகிவிட்டு, அந்தப் பத்து நிமிடம் மட்டும் விசிறியை நிறுத்து. வியர்த்தால் வியர்க்கட்டும்.

இவற்றின் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது என்று வியந்திருந்தாய். 2010இல் லென்ஸ் உடலோடு இணைந்த கேமராக்கள் உலகம் முழுவதும் 10 கோடிக்கும் மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அது 20 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கைப்பேசி மலிவான கேமராக்களை விழுங்கிவிட்டதால், எஞ்சி நிற்பவை உயர்தரமானவையும் விலை கூடியவையும்தான். 2024இல் வந்த ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ பற்றி உன் மருமகன் சொல்லியிருப்பார். அழகான கருவி, ஆனால் 521 கிராம் எடையுடன் சட்டைப் பையில் தங்காது. நான் நாள்தோறும் எடுத்துச் செல்லும் ரிக்கோ ஜிஆர் 3 பையில் அடங்கும், படமும் மனத்தை நிறைக்கும்; ஆனால் அதில் ஜூமும் இல்லை, 4கே காணொளியும் இல்லை. தியோங் பாருவின் பழைய கட்டடங்களுக்கு நடுவே தனியாக நடக்கும் எனக்கு அது போதும், உனக்குப் போதாது.

வாங்கிய பின் கேமராவை மேசை இழுப்பறைக்குள் போட்டு வைக்காதே. நம் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர அதிக காலம் ஆகாது. படர்ந்துவிட்டால் சிறிய கேமராவில் லென்ஸைக் கழற்றித் துடைக்கவும் இயலாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஓர் ஈரப்பத மானியும் வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்து. குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துச் சென்றால் லென்ஸில் நீர் கோக்கும்; பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி எடுத்துச் சென்று, கால் மணி நேரம் கழித்துப் பிரி.

எங்கே வாங்குவது என்பதில் ஒரு சொல். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் விலை குறைவு என்று மகிழ்ந்து வாங்கிய கேமரா, இணை இறக்குமதி (நிறுவனத்தின் உள்ளூர் முகவர் வழியாக வராதது) என்பதால், பழுதானபோது உள்ளூர்ச் சேவை மையத்தில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆகவே உள்ளூர் உத்தரவாத அட்டை உண்டா, சொல்லும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் சிட்டி ஹால் நிலையத்தில் நிற்கிறேன். அங்கிருந்து பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் நடை தூரம்தான். கேமராக் கடைகள் பல அங்கே இருக்கின்றன. ஒரு நினைவு அட்டையைக் கொண்டு வா. மூன்று கருவிகளிலும், கடையின் வெளிச்சம் குறைந்த மூலையில் என் முகத்தைப் படமெடுத்து, நான் பேசுவதையும் பதிவு செய்து, வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் உன் மனைவியுடன் உட்கார்ந்து பார். அவருக்கு எது பிடிக்கிறதோ அதைத் திங்களன்று வாங்கிக்கொள்ளலாம்.

அனைவருக்கும் எங்கள் அன்பு.

உன் பள்ளித் தோழன்